நீட்டித்தால் பயிற்சி ஆகிவிடுமா?

ஆறு மாதத்தில் சொல்லிக்கொடுக்காததைப் பதினொரு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்களா? முதலமைச்சர் இளைஞர் செயல்பயிற்சித் திட்டத்தை 2025 மார்ச்சில் மேலும் ஐந்து மாதம் நீட்டித்த மகாராஷ்டிர அரசு, புனே இளைஞர்களுக்கு இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் 6,000 ரூபாய், ஐடிஐ, டிப்ளமோ படித்தவருக்கு 8,000, பட்டதாரிக்கு 10,000. பணம் கொடுத்ததில் தப்பில்லை. புனே வாடகைக்கு அது எந்த மூலைக்கு என்பது வேறு கதை. கற்றது என்ன என்பதே நம் கேள்வி. பலரை அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்பினார்கள். கோப்பு எடுத்துக் கொடுப்பது, கணினியில் பெயர் ஏற்றுவது, ஆசிரியர் இல்லாத வகுப்பைப் பார்த்துக்கொள்வது. காலியிடங்களை நிரப்பாமலே அந்த வேலைக்குச் சல்லிசாக ஆள் பிடித்துவிட்டு, அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்தால் எப்படி?

புனேக்குப் பக்கத்திலேயே சாகன் தொழிற்பேட்டை இருக்கிறது, ரஞ்சன்காவ் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே சிஎன்சி இயந்திரத்தில் நிற்பவர் டிராயிங்கைப் படிக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகையும் பிடிக்க வேண்டும். டூல் தேய்ந்தால் மாற்றி ஆஃப்செட் திருத்த வேண்டும். ஔந்த் அரசு ஐடிஐயில் ஃபிட்டர் படித்த பையனை ஏதோ ஓர் அலுவலகத்தில் ஸ்கேனர் முன்னால் உட்கார வைத்தால், கற்றதும் அல்லவா மறந்துபோகும்? கையில் கொடுக்கும் சான்றிதழை நம்பி எந்த சூப்பர்வைசர் இயந்திரத்தைத் தொட விடுவார்?

திட்டம் வந்தது 2024 நடுவில். சட்டமன்றத் தேர்தல் நவம்பரில். ஆறு மாதம் முடிந்து இளைஞர்கள் தெருவில் இறங்கி நிரந்தர வேலை கேட்டதும், வாயை அடைக்க ஐந்து மாதம். அது முடிந்ததும் மறுபடி போராட்டம். இதுகூடத் தெரியாமலா கையெழுத்துப் போட்டார்கள்?

இவர்களுக்கு இது புதிதல்ல. 2023 அக்டோபரில் 511 கிராமத் திறன் மேம்பாட்டு மையங்களை ஒரே நாளில் காணொலியில் திறந்து கைதட்டிக்கொண்டார்கள். அங்கே கற்று வேலையில் நிலைத்தவர் எத்தனை பேர்? கணக்கை வெளியிடட்டும். தில்லியில் இவர்கள் கூட்டாளிகள் 2015-ல் தொடங்கிய திறன் திட்டத்தின் கதையைத் தணிக்கைத் துறையே சொல்லிவிட்டது: பயிற்சி பெற்றவரின் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக ஒன்றுகள், பூஜ்யங்கள், வெற்றிடங்கள். திறப்பு விழா என்றால் முந்திக்கொண்டு வருகிறார்கள். கணக்குக் கேட்டால் ஆளைக் காணோம்.

இனியாவது ஆலைக்காரர்களையும் ஐடிஐ ஆசிரியர்களையும் கூப்பிட்டுப் பேசி, உருப்படியாக ஒரு வழி காணட்டும். இன்னொரு நீட்டிப்பு ஆணையோடு மட்டும் வர வேண்டாம்.