அவையள் ஏன் திரும்பச் சேர வேணும்?

"பீற்றில்ஸ் மட்டும் உடையாமல் இருந்திருந்தால்..." எண்டு தொடங்குகிற கதையை இன்னும் எத்தனை தரம் கேட்கிறது? பிரிந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. நால்வரில் இருவர் உயிரோடும் இல்லை. பெருமூச்சு மட்டும் ஓயவில்லை. அந்தப் பெருமூச்சுக்காரரிடம் ஒரே கேள்வி: நீங்கள் இழந்தது என்ன?

1970 ஏப்ரலில் போல் மக்கார்ட்னி விலகிய செய்தி வெளியே வந்தபோது, நால்வரில் ஒருவருக்கும் முப்பது வயது நிரம்பியிருக்கவில்லை. உங்கட பள்ளிக்கூடக் கூட்டாளிகளோட சாகும்வரை ஒரே வேலை செய்யச் சொன்னால் செய்வீங்களோ? ஆனால் அவையளிடம் அதைத்தான் கேட்கிறோம்.

முதலில் ஜோர்ஜ் ஹரிசன். 'ஓல் திங்ஸ் மஸ்ற் பாஸ்' பாட்டை 1969 ஜனவரியிலேயே குழுவின் ஒத்திகைக்குக் கொண்டுவந்தவர். திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தார்கள், ஆனால் அந்தக் காலத்தில் எந்த பீற்றில்ஸ் அல்பத்திலும் அது வரவில்லை. ஜோனும் போலும் எழுதிய பாட்டுகளுக்குப் போக மிச்ச இடம்தான் அவருக்கு. குழு உடைந்த அதே வருடம், நவம்பரில், மூன்று இசைத்தட்டு கொண்ட அல்பமாக அந்தப் பெயரிலேயே வெளியிட்டார். அவ்வளவும் எங்கே அடைபட்டுக் கிடந்தது? நாங்கள் கொண்டாடுகிற அந்த ஒற்றுமைக்குள்ளேதான்.

அடுத்த வருடம் ரவி சங்கர் உதவி கேட்டார். 1971 ஓகஸ்ட் 1 அன்று நியூயோர்க்கில் பங்களாதேஷ் அகதிகளுக்காக இரண்டு காட்சிகள் நடந்தன. அல்பத்தாலும் படத்தாலும் வந்த காசு வரிச் சிக்கலில் வருடக்கணக்காக முடங்கியது உண்மை. ஆனாலும் பின்னால் வந்த பெரிய நிதி சேர்ப்புக் கச்சேரிகளுக்கு அதுதான் வழிகாட்டி.

"யோகோ ஓனோதான் உடைத்தவள்" எண்ட பழைய பாட்டையும் இத்தோடு நிப்பாட்டலாம். முகாமையாளர் பிரையன் எப்ஸ்ரைன் 1967இல் இறந்தார். அவருடைய இடத்துக்கு மூன்று பேர் அலன் கிளைனைக் கொண்டுவர, போல் தன் மாமனாரை விரும்பினார். 1970 டிசம்பர் 31இல் கூட்டு ஒப்பந்தத்தைக் கலைக்கச் சொல்லி லண்டனில் வழக்குப் போட்டதும் போல்தான். சட்டப்படி அது முடிய 1975 ஆனது. இவ்வளவும் கணக்குப் புத்தகச் சண்டை. பழி மட்டும் ஒரு யப்பானியப் பெண்ணின் தலையில். லிண்டாவுக்கும் அதே கதி: விங்ஸ் குழுவில் கீபோர்ட் வாசித்ததற்காக வருடக்கணக்காக நக்கல்.

அந்த விங்ஸ் 1972இல் என்ன செய்தது தெரியுமோ? வானில் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் பல்கலைக்கழகங்களுக்குப் போய், அண்டைக்கே இடம் கேட்டு, மாணவர்களுக்கு வாசித்தது. உலகமே அறிந்த ஆள் முதலிலிருந்து தொடங்கினார். இதை வீழ்ச்சி எண்டு எழுதினவர்களுக்குத் துணிச்சல் எது எண்டு தெரியாது.

எல்லாம் தங்கம் எண்டு சொல்ல வரேல்லை. பல அல்பங்கள் சாதாரணம். 1971இல் ஜோன் லெனன் போலைக் குத்திப் பாடிய பாட்டு கேவலமானது, அதற்குக் கிற்றார் வாசித்தது ஜோர்ஜ். ஹரிசனின் பெரிய வெற்றிப்பாட்டு, தெரியாமல் செய்ததெண்டாலும் இன்னொன்றின் நகல் எண்டு நீதிமன்றம் 1976இல் தீர்த்தது. ஆனால் தவறு விடுகிற உரிமையும் சுதந்திரத்துக்குள் அடங்கும்.

ஜோனைப் பாருங்கோ. 1975இல் மகன் ஷோன் பிறந்தபிறகு ஐந்து வருடம் புது அல்பம் இல்லை. வீட்டில் இருந்தார், பாண் சுட்டார், பிள்ளை வளர்த்தார். "வீணாப்போன காலம்" எண்டவர்கள் உண்டு. 1980 டிசம்பர் 8 இரவு அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தகப்பனோடு அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது அந்த ஐந்து வருடம்தான். அதையும் பறித்து எங்களுக்கு இன்னும் இரண்டு அல்பம் தரவேணுமோ?

1976இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில், நால்வரும் வந்து பாடினால் 3,000 டொலர் தருவதாகப் பகிடியாக அறிவித்தார்கள். ஜோன் பின்னர் சொன்னபடி, அந்நேரம் போல் அவருடைய வீட்டில்தான் இருந்தார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போவமோ எண்டு யோசித்து, களைப்பாக இருந்ததால் போகவில்லை.

உலகம் காசு கட்டி வரவழைக்கப் பார்த்த சந்திப்பு அங்கே சும்மா நடந்துகொண்டிருந்தது, இரண்டு பழைய கூட்டாளிகள் ரீவி பார்த்தபடி. அதில் எங்களுக்கு ஒரு பங்கும் இல்லை. இருக்கவும் கூடாது. நாங்கள் வாங்கினது இசைத்தட்டை, மனிசரை இல்லை.

இனி ஒரு குழு பிரிந்தால் "எப்ப திரும்பச் சேருவீங்கள்?" எண்டு கேட்காதீங்கோ. "அடுத்தது என்ன?" எண்டு கேளுங்கோ. பதில் வராவிட்டால், அதையும் விடுங்கோ.