கொடியேத்தியாச்சு, கணக்கு எங்கே?

ஆகஸ்ட் 15 நெருங்கினால் லோஹேகாவில் முதலில் முளைப்பது கொடி இல்லீங்க, ஃப்ளெக்ஸ் பேனர். நடுவில் பெரிய தலைவர், சுற்றிலும் தபால்தலை சைஸில் இருபது முப்பது முகங்கள், கீழே "ஸ்வாதந்த்ர்ய தினாச்யா ஹார்திக் ஷுபேச்சா". மராட்டி படிக்கத் தெரியாத நம்ம ஆட்களுக்குக்கூட இந்த ஒரு வரி மனப்பாடம் ஆகியிருக்கும். காலையில் ஜண்டா வந்தன், குழந்தைகளுக்கு ஜிலேபி, அவ்வளவுதான். ஜனவரி 26-க்கு மறுபடி அதே பேனர், வாசகம் மட்டும் வேறு.

வாழ்த்து சொல்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேட்பது ஒன்றே ஒன்றுதான். தொகுதி எம்.எல்.ஏ. யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், அந்த வாழ்த்தோடு சேர்த்து போன நாலு மாதத்தில் என்ன செய்தேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கக் கூடாதா?

எதற்கு அந்த நாளில் என்று கேட்பீர்கள். காலண்டரைப் பாருங்கள். மஹாராஷ்ட்ரா சட்டசபை வழக்கமாக வருஷத்துக்கு மூன்று தடவை கூடுகிறது. மார்ச் வாக்கில் பட்ஜெட் கூட்டத்தொடர். ஜூன், ஜூலையில் மழைக்காலக் கூட்டத்தொடர். டிசம்பரில் நாக்பூரில் குளிர்காலக் கூட்டத்தொடர். இது 1953 நாக்பூர் ஒப்பந்தத்தால் வந்த வழக்கம். இப்போது கொடியேற்றும் நாட்களை வரிசையாக வையுங்கள். பட்ஜெட் முடிந்ததும் மே 1, அதாவது 1960-ல் இந்த மாநிலம் பிறந்த நாள். மழைக்காலம் முடிந்ததும் ஆகஸ்ட் 15. நாக்பூர் முடிந்ததும் ஜனவரி 26. மூன்று கூட்டத்தொடர், மூன்று கொடி. கணக்கு சொல்ல இதைவிட வசதியான ஏற்பாட்டை உட்கார்ந்து யோசித்தாலும் செய்ய முடியாது!

அமெரிக்காவில் இருக்கும் நம்ம சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. அதனால் ஜூலை 4-ஐ ஒட்டி மாநில சட்டமன்ற உறுப்பினர்கள் அனுப்பும் கடிதங்களில் வாழ்த்தோடு, பட்ஜெட்டில் என்ன நிறைவேறியது, எதற்கு எப்படி ஓட்டுப் போட்டேன் என்பதும் இருக்கும். அதில் சுயபுராணமும் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் பிடித்து வைத்துக் கேள்வி கேட்க ஒரு காகிதம் கையில் இருக்கிறது.

"தேசிய விழாவில் அரசியல் எதுக்கு சார்?" என்று சிலர் சொல்வார்கள். செங்கோட்டையில் பிரதமர் செய்வது என்ன? அரசு செய்ததையும் செய்யப் போவதையும்தானே பட்டியல் போடுகிறார்? சுதந்திர தினத்தில் முதலமைச்சர்கள் கொடியேற்றும் உரிமையே 1974-ல் கருணாநிதி கேட்டு வாங்கியது. அன்றிலிருந்து ஜார்ஜ் கோட்டையில் எந்த முதல்வர் கொடியேற்றினாலும் அந்த உரையில் திட்டங்கள் வராமல் இருப்பதில்லை. டெல்லிக்கும் கோட்டைக்கும் பொருந்துவது ஒரு தொகுதிக்குப் பொருந்தாதா?

லோஹேகாவுக்கு இது ஏன் கூடுதலாக முக்கியம் என்று சொல்கிறேன். 2017 அக்டோபரில் 11 கிராமங்களைப் புனே மாநகராட்சியோடு சேர்த்தார்கள். லோஹேகாவின் மிச்சப் பகுதியும் அதில் ஒன்று. ஊர் நகரமானது, சந்தோஷம். ஆனால் கிராமமாக இருந்தவரை கிராம சபை என்று ஒன்று இருந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15 மாதிரி நாட்களில் வழக்கமாகக் கூட்டுவார்கள். பஞ்சாயத்து கணக்கை வாசிக்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். மாநகராட்சிக்குள் வந்ததும் அந்த உரிமை சத்தமில்லாமல் போய்விட்டது.

அதோடு முடியவில்லை. 2022 மார்ச்சில் மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. ஓ.பி.சி. இட ஒதுக்கீடு, வார்டு எல்லை என்று வழக்குகள் இழுத்து, தேர்தல் நடந்தது 2026 ஜனவரியில்தான். நடுவில் ஏறக்குறைய நாலு வருஷம் அதிகாரி ஆட்சி. கிராம சபையும் இல்லை, கார்ப்பரேட்டரும் இல்லை. ஊர்க்காரன் நேரில் போய்க் கேட்கக்கூடிய, நாம் தேர்ந்தெடுத்த பக்கத்து ஆள் எம்.எல்.ஏ. ஒருத்தர்தான்.

நம்ம ஊரில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. தமிழ்நாட்டுக் கிராம சபைகள் வருஷத்துக்கு நாலு என்று இருந்ததை 2022-ல் ஆறாக்கினார்கள். நகரங்களிலும் அதே வருஷம் நவம்பர் 1-ல் பகுதி சபை கூடியது. பம்மலில் நடந்ததில் முதல்வர் ஸ்டாலினே உட்கார்ந்தார். மஹாராஷ்ட்ராவிலும் பகுதி சபைக்கு 2009-லேயே சட்டத்தில் இடம் வைத்தார்கள். சட்டத்தில் இருப்பது தெருவுக்கு வரவேண்டும், அதுதான் பாக்கி.

கணக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும்? எங்கள் வட்காவ் ஷேரி தொகுதியே உதாரணம். தொகுதி சீரமைப்புக்குப் பிறகு முதல் தேர்தல் 2009-ல். பாபுசாஹேப் படாரே ஜெயித்தார். 2014-ல் ஜகதீஷ் முளிக். 2019-ல் சுனில் டிங்க்ரே. 2024-ல் மறுபடி படாரே. இதுவரை ஒருத்தரையும் அடுத்தடுத்து இரண்டு தடவை ஜெயிக்க விடவில்லை. இதை வாக்காளரின் விழிப்புணர்வு என்று சொல்லலாம். எனக்கென்னவோ, மார்க் ஷீட்டைப் பார்க்காமலே பையனை ஃபெயிலாக்குகிற மாதிரியும் தோன்றுகிறது. நல்லது செய்திருந்தாலும் தெரியாது, செய்யாவிட்டாலும் தெரியாது. கோபம் மட்டும்தான் தெரியும்.

சரி, அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்கவேண்டும்? மூன்று விஷயம் போதும்.

ஒன்று, பணம். இங்கே எம்.எல்.ஏ. தொகுதி நிதியை 2022 பட்ஜெட்டில் வருஷத்துக்கு 5 கோடி ரூபாயாக உயர்த்தினார்கள். எந்தத் தெருவுக்கு எவ்வளவு, வேலை முடிந்ததா இல்லையா?

இரண்டு, பேச்சு. கூட்டத்தொடரில் கேட்ட கேள்விகள் எத்தனை, அமைச்சர் சொன்ன பதில் என்ன?

மூன்று, எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்ற விவரம். இதுதான் எல்லாவற்றையும்விட உபயோகமானது. ஓடுபாதை விமானப் படையுடையது. 2024 ஜூலையில் இயங்கத் தொடங்கிய புதிய முனையம் மத்திய அரசு விவகாரம். அந்த விமான நிலையத்துக்குத் துக்காராம் மஹராஜ் பெயர் வைக்க 2024 செப்டம்பரில் ஒப்புதல் கொடுத்தது மாநில அமைச்சரவை. லோஹேகாவ் துக்காராமின் தாய் பிறந்த ஊர். சாக்கடையும் தெரு ரோடும் மாநகராட்சி. தண்ணீர்? பாமா ஆஸ்கேட் அணையிலிருந்து கிழக்குப் புனேவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டத்தை 2021 ஜனவரி 1-ல் அன்றைய துணை முதல்வர் அஜித் பவாரும் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ஃபட்னவிஸும் ஒரே மேடையில் நின்று தொடங்கி வைத்தார்கள். அதற்குப் பிறகும் ஒரு குடியிருப்புக்கு டேங்கர்தான் வருகிறது என்றால், தண்ணீர் எங்கே நின்றது? மேல்நிலைத் தொட்டி கட்டவில்லையா, பைப் போடவில்லையா, இணைப்பு தரவில்லையா? மாதாமாதம் டேங்கருக்குப் பணம் கட்டும் குடும்பத்துக்கு இது தெரிந்தே ஆகவேண்டும்.

இதெல்லாம் கேட்க நமக்கு ஒரு தகுதி வேண்டும். கட்கி, தேஹு ரோடு பக்கம் தலைமுறைகளாக இருக்கும் தமிழர்கள் இங்கேயே வாக்காளர்கள். ஐ.டி. வேலைக்கு வந்தவர்களில் பலபேர் பத்து, பதினைந்து வருஷமாகியும் ஓட்டைத் திருநெல்வேலியிலோ சேலத்திலோ விட்டு வைத்திருக்கிறார்கள். 2025 டிசம்பரில் தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலிலிருந்து 97 லட்சம் பெயர்கள் போயின. இடம் மாறியவர்கள், வீட்டில் இல்லாதவர்கள் கணக்கு மட்டும் 66 லட்சத்துக்கு மேல். அங்கே போய், இங்கேயும் சேர்க்காமல் விட்டால் எந்த எம்.எல்.ஏ.வுக்கும் நாம் கணக்கில் இல்லை. பெயர் எங்குமே இல்லாதவர்களுக்கு படிவம் 6, இடம் மாற்றுவதற்கு படிவம் 8. இரண்டு ஊரிலும் பெயர் வைத்துக்கொள்வது சட்டப்படி தவறு, ஆகவே ஒன்றை முடிவு செய்யுங்கள்.

அடுத்த விழாவுக்கு உங்கள் சொசைட்டியில் கொடியேற்ற எம்.எல்.ஏ.வையோ கார்ப்பரேட்டரையோ கூப்பிடுவார்கள் இல்லையா? அழைப்புக் கடிதத்திலேயே மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் சேர்த்து, பதிலோடு வரச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் மறுப்பது கஷ்டம். இங்கே அரசியல்வாதிகளே "கார்ய அஹவால்" என்று புத்தகம் போடுகிறார்கள், ஆகவே யாருக்கும் இது புதுசு இல்லை. நாம் கேட்பது, தேர்தலுக்கு முன்னால் வழவழ காகிதத்தில் வருவது வருஷத்துக்கு மூன்று தடவை சாதா காகிதத்தில் வரட்டும் என்பதுதான்.

பி.கு: கடிதம் மராட்டியில் இருந்தால் நல்லது. நமக்கு வராது என்று கவலை வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்களே, அவர்களை எழுதச் சொல்லுங்கள். குடிமையியல் பாடமும் ஆச்சு, மராட்டி ஹோம்வொர்க்கும் ஆச்சு :-)