ஆரஞ்சுக்கு எவ்வளவு?

மரபணுத் திருத்தம் செய்யப்பட்ட 2 நெல் ரகங்களை 2025 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சர் தில்லியில் வெளியிட்டார்; பாராட்டத்தக்கதே. ஆனால், விதர்பாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை வாட்டும் 'கிரீனிங்' நோய்க்கு இன்னமும் மருந்தில்லை. சாறுறிஞ்சும் சிறு பூச்சி பரப்பும் பாக்டீரியா நோய் அது. அதைத் தாங்கும் ரகத்தை உருவாக்குவதே நிலையான தீர்வு.

அதற்கான மரபணுக்களைக் காட்டு இனங்களிலும் தேட வேண்டும். மேகாலயத்தின் காரோ மலைப்பகுதியில், நோக்ரெக்கில், காட்டு ஆரஞ்சுக்கென்றே காப்பகம் உள்ளது. நெல்லின் ஒரு தலைமுறையைச் சில மாதங்களில் பார்த்துவிடலாம். விதையிட்ட ஆரஞ்சு காய்க்கவே பல ஆண்டுகளாகும். தேர்தலுக்குத் தேர்தல் கணக்குப் பார்க்கும் அரசுகளுக்கு அந்தப் பொறுமை ஏது?

பயிர்களின் மரபணுத் திருத்த ஆய்வுக்கு 2023-24 பட்ஜெட்டில் ரூ.500 கோடி ஒதுக்கப்பட்டது. நெல்லை அடுத்து எண்ணெய்வித்து, பயறு என்றே பேச்சு. நாகபுரியிலுள்ள மத்திய எலுமிச்சையின ஆராய்ச்சி நிலையத்துக்கு அதில் கிடைத்தது எவ்வளவு? விதர்பா எம்.பி.க்கள் கேள்வி நேரத்தில் இதைக் கேட்டுப் பதில் பெற வேண்டும்.