உடல்நலப் பகுதி: நாவின் கீழ் ஒரு நீர்க்கட்டி

கழுத்து வீக்கம் என்றதும் சுவிற்சர்லாந்தின் பழைய தலைமுறையினருக்கு நினைவில் வருவது கண்டக்கழலை. மலைநாட்டு மண்ணில் அயடீன் குறைவு. 1922ஆம் ஆண்டு முதல் உப்பில் அயடீன் சேர்க்கத் தொடங்கிய பின்னரே அந்நோய் இங்கு அருகியது. நம்மவருக்கோ கழுத்தில் சிறு தடிப்புத் தென்பட்டாலும் நினைவில் வருவது புற்றுநோய். சிலர் அன்றே வைத்தியரிடம் ஓடுவர். வேறு சிலர் அந்தப் பயத்தினாலேயே எவருக்கும் சொல்லாமல் சால்வையால் மூடிக்கொண்டு மாதக்கணக்கில் திரிவர்.

இந்த வீக்கங்களுள் ஒருவகை, வாயில் ஊறும் உமிழ்நீரால் உண்டாவது. காதுக்கு முன்னால், கீழ்த்தாடையின் கீழ், நாவின் கீழ் என மூன்று சோடிப் பெரிய சுரப்பிகள் நமக்கு உண்டு. இவை தவிர உதடு, கன்னம், அண்ணம் எங்கும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் பரவிக் கிடக்கின்றன. எல்லாமாக நாளொன்றுக்கு ஒரு லீற்றர் அளவில் உமிழ்நீர் சுரக்கிறது. ஏதாவதொரு சுரப்பியின் குழாய் சிதைந்தால் நீர் வெளியேற வழியின்றி அயலிலுள்ள சதைக்குள் கசிந்து தேங்கும். அதுவே உமிழ்நீர்க் கட்டி.

இவற்றுள் மிகச் சாதாரணமானது கீழுதட்டின் உட்புறம் தோன்றும் சிறு கொப்புளம். பிள்ளைகளிடமும் இளைஞரிடமும் அதிகம். உதட்டைக் கடித்ததே பெரும்பாலும் காரணம். உடையும், ஆறும், மீண்டும் நிரம்பும். சில வாரங்களில் மறையாவிட்டால், உதட்டை மட்டும் விறைக்கச் செய்து, கட்டியை அதற்குக் காரணமான சிறு சுரப்பிகளோடு அகற்றிவிடலாம். மேலுதட்டில் கெட்டியான கட்டி தோன்றினால் அதை இதே கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. அங்கு நீர்க்கட்டி அரிது. வேறு வளர்த்திகளே கூடுதல்.

நாவின் கீழ், வாயின் அடித்தளத்தில் ஒருபுறமாக நீலம் பாய்ந்து பளபளப்பாகத் தோன்றுவது இன்னொரு வகை. தவளையின் வயிறு போல் இருப்பதால் இலத்தீனில் 'சிறு தவளை' என்று பொருள்படும் 'ரானுலா' என்ற பெயர் அதற்கு வந்தது. நோவு பெரும்பாலும் இராது. பெரிதானால் பேச்சுக் குழறும், விழுங்குவது சிரமமாகும். சிலரிடம் இந்த நீர் வாயின் அடித்தளத் தசையிலுள்ள இடைவெளியூடாகக் கழுத்துக்குள் இறங்கிவிடுகிறது. அப்போது வாய்க்குள் ஒன்றும் தெரியாமல், தாடையின் கீழ் மெதுவான வீக்கம் மட்டுமே தெரியும். வைத்தியரையும் ஏமாற்றக்கூடியது இதுவே.

ஆகவே வைத்தியர் முதலில் ஒரு விரலை வாய்க்குள்ளும் மற்றக் கையைத் தாடையின் கீழும் வைத்து அமுக்கிப் பார்ப்பார். நாவை வெளியே நீட்டச் சொல்வார். நாவோடு கட்டியும் மேலெழுந்தால் அது தைரொயிட் சுரப்பியின் வழித்தடத்தில் பிறவியிலேயே எஞ்சிய கட்டியாக இருக்கலாம். சாப்பிடும்போது வீங்கிப் பின்னர் வற்றுகிறதா என்றும் கேட்பார். அப்படியானால் குழாயில் கல் அடைத்திருக்கக்கூடும். பின்னர் அல்ட்ராசவுண்ட், தேவையானால் எம்.ஆர்.ஐ. படம். ஊசியால் எடுக்கும் நீர் பசைபோல் தடித்து, அதில் உமிழ்நீருக்குரிய அமிலேஸ் நொதியம் இருந்தால் ஐயம் பெரும்பாலும் தீரும்.

நாற்பது வயதைக் கடந்தவரின் கழுத்தில் புதிதாகத் தோன்றும் கட்டி விடயத்தில் பொறுத்துப் பார்ப்பது தவறு. நீர்க்கட்டி போலவே தோன்றி, உள்ளே தொண்டைப் புற்றுநோயின் பரவலாக இருந்துவிடுவதுண்டு. வெற்றிலை பாக்குப் போடுவோரும் புகைபிடிப்போரும் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்பது நிறுவப்பட்ட உண்மை. "நாங்கள் புகையிலை சேர்ப்பதில்லையே" என்பது பதிலாகாது.

ரானுலாவுக்கு மருந்தில்லை. ஊசியால் நீரை எடுத்துவிட்டால் போதுமென்று எண்ணுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது போன்றது. சில வாரங்களில் மீண்டும் நிரம்பிவிடும். கைக்குழந்தைகளிடம் தானாகவே மறைவதும் உண்டாகையால் அவர்கள் விடயத்தில் சில மாதம் பொறுக்கலாம். மற்றவர்களுக்கு, நீர் கசியும் நாவடிச் சுரப்பியையே வாய்வழியாக அகற்றுவதுதான் நிலையான சிகிச்சை. கட்டி கழுத்தில் தெரிந்தாலும் பெரும்பாலும் கழுத்தைக் கீற வேண்டியதில்லை.

"சுரப்பியை எடுத்தால் வாய் வரண்டுபோகாதா?" என்ற கேள்வி நியாயமானது. பேர்ண் நகரில் 1872 முதல் பேராசிரியராக இருந்த தியோடர் கொக்கர் தைரொயிட் சத்திரசிகிச்சையை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர். 1909இல் நோபல் பரிசு பெற்றவர். தைரொயிட்டை முழுதாக அகற்றிய தம் நோயாளர் பலர் உடல் ஊதி, அறிவு மந்தித்துப் போனதை 1883இல் அவரே வெளியிட்டார். ஒன்றே உள்ள சுரப்பியை எடுத்ததன் விளைவு அது. நாவடிச் சுரப்பியின் கதை வேறு. ஒன்றை எடுத்தாலும் மற்றவை அதன் வேலையைச் செய்துவிடும், வாய் வரளாது. உண்மையான ஆபத்து, அருகே ஓடும் நாவின் உணர்வு நரம்புக்குக் காயம் ஏற்படுவது. நாவின் ஒருபக்கம் விறைத்துப்போகலாம். பெரும்பாலும் நாளடைவில் மாறும். இதை முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குப் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்வது சரியன்று. 'நரம்பு', 'சதைப் பரிசோதனை' என்பன பிள்ளைக்கு இரு மொழியிலும் பிடிபடா. பயம் மட்டும் பிடிபடும். பெரிய வைத்தியசாலைகளில் சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். பற்சூத்தைக்கான செலவைக் கட்டாய மருத்துவக் காப்புறுதி பொதுவாக ஏற்பதில்லை என்பதால், வாய்க்குள் எது வந்தாலும் தம் பணமே போகுமென்று பலர் எண்ணிவிடுகின்றனர். உமிழ்நீர்ச் சுரப்பி நோய் அந்த வகையைச் சேர்ந்ததன்று. பல் வைத்தியரிடம் சிகிச்சை பெறுவதாயின், காப்புறுதி நிறுவனத்தின் ஒப்புதலை முன்னரே எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

அகற்றிய சதை எப்போதும் பரிசோதனைக்கு அனுப்பப்படும்; அதன் முடிவைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு வாரம்வரை மெதுவான ஆறிய உணவு: கஞ்சி, தயிர்ச்சோறு, இடியப்பத்துடன் உறைப்பில்லாத சொதி. விரத காலத்தில் சிகிச்சை நேர்ந்தால், உணவைத் தவிர்ப்பதுபற்றி வைத்தியரிடம் கேட்டு நடக்கலாம். தண்ணீரை மட்டும் தவிர்க்கக் கூடாது.