இரு தரப்பு என்னும் சால்ஜாப்பு

‘இரு தரப்பையும் கேட்டு எழுதினால் நிருபர் வேலை முடிந்தது, அதற்குமேல் தோண்டினால் அது போராட்டம்’ என்கிறார்கள். சரி, பார்ப்போம்.

ஒன்று. கையால் மலம் அள்ளியதால் யாரும் சாகவில்லை என்று 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு சொன்னது. சாக்கடையில் இறங்கியவர்கள் செத்தார்கள் என்கின்றன தொழிலாளர் அமைப்புகள். இரண்டையும் அருகருகே அச்சிட்டால் வாசகருக்கு என்ன விளங்கும்? கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டினால் சூட்சுமம் தெரியும்: மலம் அள்ளுவது ஓர் இனம், சாக்கடை, கழிவுநீர்த் தொட்டியில் இறங்கும் ‘அபாயகரமான சுத்திகரிப்பு’ வேறோர் இனம். பிணங்கள் இரண்டாவது கணக்கில். முதல் கணக்கு பூஜ்யம்! இதை எந்தத் தரப்பின் பேட்டி சொல்லும்?

இரண்டு. ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்பதோடு செய்தி முடிகிறது. விஷவாயுவா வேலைக்கு அழைத்தது? ஒப்பந்ததாரர் பெயர் எங்கே? முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு?

மூன்று. சாக்கடையில் இறங்கிச் செத்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு 10 லட்சம் என்றது உச்ச நீதிமன்றம், 2014இல். 2023இல் அதை 30 லட்சமாக்கியது. கைக்கு வந்ததா என்று ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போய்க் கேட்பது போராட்டமா? கேட்காமல் இருப்பதற்கு நடுநிலை என்று பெயரா?