யாரும் இல்லாத தீவா, யாரும் இல்லாமல் ஆக்கப்பட்ட தீவா?

மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு மேலே தாம்பரம் விமானப்படைத் தளத்தின் விமானங்கள் பறப்பது அன்றாடச் சத்தம். போன வாரம் வாசிப்பு வட்டத்தில் அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு மாணவர் கேட்டார்: "டியாகோ கார்சியாவில்தான் மக்களே இல்லையே, அமெரிக்கா அங்கே தளம் வைத்திருந்தால் என்ன அக்கா?"

மக்கள் இருந்தார்கள், தம்பி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோப்பில் உழைத்தவர்கள். 1965-ல் பிரிட்டன் சாகோஸ் தீவுகளை மொரீசியஸிலிருந்து வெட்டி எடுத்தது. மறு ஆண்டே அமெரிக்காவுக்கு 50 ஆண்டுக்குத் தந்தது. கைமாறு, போலாரிஸ் ஏவுகணைக் கணக்கில் 1.4 கோடி டாலர் தள்ளுபடி. அங்கே பிறந்து வளர்ந்தவர்களைத் தற்காலிகக் கூலிகள் என்று கோப்பில் எழுதினார்கள். அவர்கள் வளர்த்த நாய்களை விஷவாயு வைத்துக் கொன்றார்கள். 1973-க்குள் எல்லாரையும் கப்பலேற்றி முடித்தார்கள்.

இந்த எழுத்துவேலை நமக்குத் தெரியாததா? பாட்டன் காலத்துச் சேரி ஒருநாள் கோப்பில் 'ஆக்கிரமிப்பு' ஆகும். அப்புறம் லாரி வரும், பெரும்பாக்கம் வரும்.

2021 அக்டோபரில் கனடா நோக்கிப் போன ஈழத்தமிழர்களின் படகில் ஓட்டை விழுந்து, அவர்கள் இதே தீவில் கரையேற்றப்பட்டார்கள். குழந்தைகளோடு மூன்று ஆண்டுகள் வேலிக்குள், கூடாரத்தில். 2024 ஜூலையில் வழக்கை அங்கேயே விசாரிக்க நீதிபதி புறப்பட்டபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா தடுத்தது. குண்டுவீச்சு விமானம் இறங்கலாம், நீதிபதி இறங்கக்கூடாதாம்! அந்த ஆண்டு டிசம்பரில் அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது.

அமெரிக்கா போனால் சீனா வந்துவிடும் என்பார்கள். வரலாம். அதற்காக ஒரு மக்களை அழிரப்பர் போட்டு அழிக்கலாமா? டெல்லியும் யோக்கியமில்லை. மொரீசியஸின் உரிமைக்குக் குரல் கொடுக்கிற இந்தியா, 1951 அகதிகள் உடன்படிக்கையில் இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் ஈழத்தமிழருக்கு இடமில்லை.

2025 மே மாதம் பிரிட்டனும் மொரீசியஸும் ஒப்பந்தம் போட்டன. தீவுகள் மொரீசியஸுக்கு, தளம் மட்டும் இன்னும் 99 ஆண்டுக்குப் பிரிட்டன் கையில். சாகோஸ் மக்கள் மற்ற தீவுகளில் குடியேறலாம், டியாகோ கார்சியாவில் கூடாது. பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்கு நாற்காலியும் இல்லை.

தம்பி, அடுத்த ஞாயிறு அந்த டிசம்பர் தீர்ப்பை எடுத்துவா. வட்டத்தில் உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.