பூச்சியம் காட்டினால் நம்பலாமா?

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் கனடாவிலோ சுவிஸிலோ சொந்தமில்லாத வீடு குறைவு. வெளிநாட்டுப் பொதி வருவதும் வழமை. அதனால், "உங்கள் பொதி வந்துள்ளது, முகவரி சரியில்லை, சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் குறுஞ்செய்தி இங்கே எளிதில் எடுபடுகிறது. கேட்கும் தொகை அற்பம். குறி வங்கி அட்டை இலக்கம். திணைக்களமே இதுபற்றி எச்சரித்திருக்கிறது.

விபரம் தெரிந்த பிள்ளைகள் அந்த லிங்கை வைரஸ்டோட்டலில் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். 2004இல் ஸ்பெயினின் மலாகாவில் ஹிஸ்பாசெக் தொடங்கி, 2012இல் கூகுள் வாங்கிய சேவை அது. தானாகத் தீர்ப்புச் சொல்லாது. பல பாதுகாப்பு நிறுவனங்களின் முடிவுகளைத் திரட்டிக் காட்டும். ஒருவரும் குறை காணாவிட்டால் பூச்சியம். அந்த முகவரி இன்னும் யார் கையிலும் அகப்படவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நாமோ அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்கிறோம்.

அகப்படுவதற்கு நேரமும் இல்லை. தீய தளமொன்றின் சராசரி ஆயுள் பத்து நிமிடத்திலும் குறைவு என்று 2024 மார்ச்சில் கூகுள் சொன்னது. குரோம் உலாவி அதுவரை தன் தடைப்பட்டியலைப் புதுப்பித்து வந்ததோ 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை! பிறகுதான் உடனுக்குடன் சோதிக்கும் முறைக்கு மாறினார்கள். மோசடிக்காரரும் சும்மா இருப்பதில்லை. குறித்த நாட்டுக் கைபேசியில் திறந்தால் மட்டும் போலிப் பக்கத்தைக் காட்டி, எங்கோ இருக்கும் சோதனை இயந்திரத்துக்கு வெற்றுப் பக்கத்தை நீட்டுவது அவர்களுக்குப் பழகிய வித்தை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. யூஆர்எல்ஸ்கேன் என்ற சேவையில் சோதனைக்குப் போன கடவுச்சொல் மாற்றும் லிங்குகளும் தனிப்பட்ட ஆவணங்களும் எவரும் தேடிப் படிக்கும்படி கிடந்ததை 2022இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தனர். சந்தேகமான லிங்கைச் சோதிக்கலாம். உங்கள் பெயருக்கே வந்த லிங்கை அங்கே போடக்கூடாது.

ஆக, இந்தச் சேவைகளின் கூர்மை லிங்க் கிடைத்தவர் எவ்வளவு விரைவாக அறிவிக்கிறார் என்பதில் தங்கியிருக்கிறது. நம்மவர் செய்தியை அழித்துவிடுவர். பணம் போயிருந்தால் வெட்கத்தில் வாயே திறவார். 2006 முதல் இயங்கும் இணையப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட் முறைப்பாடுகளை ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் படிவம் நிரப்ப உரும்பிராய் அம்மம்மாவால் ஆகாது. அவர் தினமும் திறக்கும் வட்ஸ்அப்பில், தமிழில் பதில் தரும் ஓர் இலக்கம் போதும். வந்த லிங்கை இலங்கைக் கைபேசி போலவே திறந்து பார்த்து, போலியென்றால் உடனே தொலைபேசி நிறுவனங்களுக்கு அறிவித்து முடக்க வேண்டும். செலவை அந்த நிறுவனங்களிடம் கேட்பதில் தவறில்லை. இந்தக் குறுஞ்செய்திகளில் பல வந்துசேர்வது அவர்களுடைய வலையமைப்பில்தான்.